தலைக் கணக்கும் புகைக் கணக்கும்

நாளைய கரியமில வாயு எங்கெங்கு எவ்வளவு எழும் என்று இன்றே படம் வரைந்து காட்டுவர் திட்ட அறிஞர். மக்கள்தொகையையும் நகர் விரியும் போக்கையும் முன்கணித்து, மொத்தப் புகையை ஆள் கணக்கில் பங்கிடுவது அவர்தம் முறைகளுள் ஒன்று. எளிய முறைதான், ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அது பொருந்துமா என்பதே வினா.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோலாலம்பூரில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 19.8 இலட்சம், சிலாங்கூரில் 69.9 இலட்சம். இது குடியிருப்பின் கணக்கு. கிள்ளானில் குடியிருந்து கோலாலம்பூரில் உழைப்பவரின் வண்டிப் புகை எவ்வூரின் பெயரில் எழுதப்படும்? காப்பார் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தீபகற்பத்தின் பொது மின்தொடரில் கலக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு விளக்கும் அதில் பங்கு பெறுகிறது. புகையோ கிள்ளான் மாவட்டத்தில் எழுகிறது.

இதனினும் பெரியதொரு குறை உண்டு. தோட்டம் வீடமைப்பு நிலமாகிவிட, அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த தொழிலாளியும் நகரவாசி. குளிரூட்டிய மாளிகையில் மூன்று கார் வைத்திருப்பவரும் நகரவாசி. தலைக் கணக்கு இருவர்க்கும் ஒரே புகையைச் சுமத்துகிறது. இது கணக்குப் பிழை மட்டுமன்று, நீதிப் பிழையுமாகும்.

கோலாலம்பூர் மாநகரின் குறைகரிச் சமுதாயத் திட்டம், 2010ஐ அடியாகக் கொண்டு 2030க்குள் கரிச்செறிவை 70 விழுக்காடு குறைக்க முனைகிறது. நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் செறிவு என்பது உற்பத்தி மதிப்பின் ஓர் அலகுக்கு எழும் புகை. உற்பத்தி இரு மடங்கானால் மொத்தப் புகை 40 விழுக்காடே குறையும்.

ஆகவே, தலையை எண்ணுவதோடு நில்லாது, பயணத்தையும் மின்சாரத்தையும் குடும்பத்தின் நுகர்வையும் எண்ணும் படமே, எவர் எதனைக் குறைத்தல் வேண்டும் என்பதை நேர்மையாகக் காட்டும்.