பினியன் வாலில் ஒரு பேரிங்

ஃபோர்டு ஒன்பது அங்குல ஆக்சிலைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே டானா அறுபது ஆக்சில்காரர்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். 9.75 அங்குலக் கிரவுன் வீல், 35 ஸ்ப்லைன், தூக்குவதற்கு ஆள் தேட வைக்கும் வார்ப்பிரும்பு, இதற்குமேல் என்ன பேச்சு என்ற சிரிப்பு. அதில் நியாயமும் இருக்கிறது. 1966இல் ஸ்ட்ரீட் ஹெமியை நாலு கியர் மேனுவலோடு வாங்கியவருக்குக் கிறைஸ்லர் டானாவைத்தான் கொடுத்தது. அதே எஞ்சினை டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக்கோடு வாங்கியவருக்கு எட்டே முக்கால் அங்குலமே போதும் என்று விட்டுவிட்டது. இரண்டு காரிலும் அதே 425 குதிரைத்திறன்தான். டெட்ராய்ட்டில் கணக்குப் போட்டவர்கள் பயந்தது கிளட்சிலிருந்து சட்டென்று விலகும் இடது காலுக்கு.

டானாவின் பலம் பருமனால் வந்த பலம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, காதல் இல்லை. காதலெல்லாம் 1957 முதல் 1986 வரை ஃபோர்டு வார்த்துத் தள்ளிய அந்த ஒன்பது அங்குலத்தின்மேல், அதிலும் குறிப்பாக அதற்குள் பினியனின் வால் முனையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு உருளை பேரிங்கின்மேல். கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெட்டிக்கடையில் விற்கிற சாமான்போல அற்பமாகத் தெரியும். அதுதான் முழு விஷயமும்.

கிரவுன் வீலும் பினியனும் பாரம் ஏற ஏற ஒன்றையொன்று தள்ளிவிடப் பார்க்கும். பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் வரும் குணம் இது. டானாவிலும் செவியின் (செவ்ரோலெட்டின்) பன்னிரண்டு போல்ட் ஆக்சிலிலும் பினியனுக்கு இரண்டு பேரிங், இரண்டும் தலைக்கு முன்பக்கமே. தலை பின்னால் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் சுவரில் அறைந்த கம்பியில் கப்பியை மாட்டித் தண்ணீர் இறைப்பது மாதிரி. கம்பி எவ்வளவு தடியாக இருந்தாலும் வாளி நிறைந்தால் கொஞ்சம் தாழத்தான் செய்யும். ஒன்பது அங்குலத்தில் கப்பிக்கு இரண்டு பக்கமும் தூண். முன்னால் இரண்டு கூம்பு உருளை பேரிங், தலையைத் தாண்டி வாலில் மூன்றாவதாக இந்தக் குட்டி. பினியன் எங்கேயும் ஒதுங்க வழியில்லை. பல்லும் பல்லும் தொடுகிற தடம் தெருவில் ஓட்டும்போது எங்கே விழுந்ததோ, ஸ்லிக்கைப் போட்டுக் கிளட்சை விட்டெறியும்போதும் ஏறக்குறைய அங்கேயே விழும். பல் முறிவது பெரும்பாலும் தடம் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டதால்தான் என்பதால், தடத்தை நகரவிடாத ஏற்பாட்டை நான் பருமனுக்கு ஒரு படி மேலே வைக்கிறேன். டானாக்காரர்கள் பெரிய பல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள். அதுவும் ஒரு வழி.

குட்டி பேரிங்குக்கும் பலவீனம் உண்டு. அதைத் தாங்கி நிற்கும் வார்ப்பின் மெல்லிய பாலம் சாதாரண கேஸில் விரிசல் விடும். அதனால்தான் பழைய இரும்புக் கடைகளில் முன்முகத்தில் பெரிய ‘என்’ எழுத்து புடைத்திருக்கிற கேஸைத் தேடி ஆட்கள் முட்டி தேய நடந்தார்கள். அது நாடுலர் இரும்பு. சாதாரண வார்ப்பு அடியை வாங்கியதும் பிளக்கும், இது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கிரீஸும் மண்ணும் அரை அங்குலத்துக்கு அப்பிக்கிடக்கும் கேஸை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டே போய், அந்த எழுத்தின் முதல் கோடு தட்டுப்படும்போது வருகிற சந்தோஷத்தை அனுபவித்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

ஒன்பது அங்குலம் குதிரைத்திறனைத் தின்கிறது என்பார்கள். பினியன் கிரவுன் வீலின் நடுக்கோட்டுக்கு வெகு கீழே உட்கார்ந்திருப்பதால் பற்கள் உருள்வதைவிட அதிகமாக உரசுகின்றன, உரசல் சூடாகிறது, சூடானது நேரத்தில் தெரிகிறது. உண்மைதான். ஆனால் அதே தாழ்ந்த இருப்பால்தான் ஒரே சமயத்தில் அதிகப் பல் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. குதிரைத்திறன் குறையைப் பெரும்பாலும் சொல்லிக்காட்டுகிறவர்கள் செவிக்காரர்கள். அவர்களுடைய 8.875 அங்குலப் பன்னிரண்டு போல்ட் லேசாகச் சுழலும், நல்ல ஆக்சில், மறுக்கவில்லை. ஆனால் 30 ஸ்ப்லைன் ஆக்சிலை உள்முனையில் ஒரு சி-கிளிப் மட்டும் பிடித்துவைத்திருக்கிறது. ஆக்சில் வெளியோரம் முறிந்தால் டிரம்மோடு சக்கரமே ஃபெண்டரை விட்டு வெளியே நடந்துவரும். 10.99 வினாடியோ அதற்குக் குறைவாகவோ ஓடும் காரில் ஆக்சிலைப் பிடித்துவைக்க வேறு ஏற்பாடு வேண்டும் என்று டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ விதி வைத்திருப்பது சும்மா இல்லை. இரண்டு குதிரைத்திறனைச் சேமித்து ஒரு சக்கரத்தைத் தொலைப்பதை நான் லாபக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஆக்சில் எதனால் முறிகிறது என்ற சண்டையில் எல்லோரும் எஞ்சினையே பார்க்கிறார்கள். ஹெமியின் 490 அடி-பவுண்டை முதல் கியரின் 2.65ஆலும் பின்னால் இருக்கும் 4.10ஆலும் பெருக்கினால் 5,300 அடி-பவுண்டைத் தாண்டும். காகிதத்தில் பயங்கரம். அறுபதுகளின் ஒல்லி பயாஸ்-ப்ளை டயரில் அது ஆக்சிலுக்கு வந்து சேர்வதே இல்லை, பாதி புகையாகப் போய்விடும். டயர் சுற்றுகிறவரை ஆக்சில் பிழைக்கும். டயர் பிடித்துக்கொண்டது, காரோ கனம், நகர மாட்டேன் என்கிறது, அப்போது கிளட்ச், ஃப்ளைவீல், டிரைவ் ஷாஃப்ட் சுழன்ற வேகம் முழுவதும் ஒரே நொடியில் எங்காவது இறங்கியாக வேண்டும். அது இறங்குகிற இடம் ஸ்ப்லைன் தொடங்கும் கழுத்து. முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால் 31 ஸ்ப்லைனிலிருந்து 35க்குப் போகும்போது பார்வைக்குக் கொஞ்சம்தான் தடிக்கும், தாங்குவதோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இதைவிடக் கொடுமை சக்கரம் குதிப்பது. ஸ்பிரிங் பட்டை இரண்டும் எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டு, விட்டு, மறுபடி முறுக்கி, டயர் தரையில் டமடமவென்று அடிக்கும். ஒவ்வொரு அடியும் சம்மட்டி. அந்தச் சத்தம் கேட்டதும் கால் எடுக்காதவன் ஆக்சில் வாங்கப் பணம் வைத்திருக்க வேண்டும். கிறைஸ்லரின் சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்கில் வலது பக்கம் பட்டை கூடுதலாக இருந்ததும், முன்பாதி விறைப்பாக இருந்ததும் இதற்காகத்தான். எஞ்சின் முறுக்கு வலது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும், பட்டை அதை அழுத்திப் பிடிக்கும். ஒரு ஆக்சிலின் ஆயுள் பாதி ஸ்பிரிங்கில் இருக்கிறது என்பதைக் கேட்லாக் போடுகிறவர்கள் சொல்வதில்லை.

மிச்சிகனில் ஸ்டார்ட் கோட்டுக்குப் பின்னாலிருந்த கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கோடைச் சாயங்காலத்தில்தான் முதன்முதலாக ஒரு ஆக்சில் போவதைக் கேட்டேன். துப்பாக்கிச் சத்தம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பெரிய மணியை யாரோ பாறையில் போட்டதுபோல் இருந்தது. கார் அசையவில்லை. எஞ்சின் மட்டும் தனியாக ஓலமிட்டது. ஓட்டியவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை, நேரே கூலரைத் திறந்து தண்ணீர் குடித்தார். பிறகு பிட்டில் அவர் உருவி எடுத்த இன்னொரு பக்க ஆக்சிலைப் பார்த்தேன். ஓடுவதற்கு முன் தண்டு நெடுக வெள்ளைப் பெயிண்டில் நேர்கோடு போட்டிருந்தார். கோடு சுற்றிக்கொண்டு போயிருந்தது. முறிந்ததைவிட முறியாமல் திரும்பி நின்ற அந்தக் கோடு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

அந்தக் காலத்துக்காரர்கள் ஆக்சிலைத் தனிப் பொருளாகப் பார்க்கவில்லை. 1968இல் ஹர்ஸ்ட் கோத்துக் கொடுத்த ஹெமி டார்ட்டிலும் பாரக்குடாவிலும் பாருங்கள்: நாலு கியருக்கு டானாவும் 4.88உம், ஆட்டோமேட்டிக்குக்கு எட்டே முக்காலும் 4.86உம். தேவைக்கு மேல் ஒரு பவுண்டு கூட ஏற்றவில்லை. ஃபோர்டு பக்கம் 1969 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் 3.91 டிராக்ஷன்-லாக்கோ 4.30 டெட்ராய்ட் லாக்கரோ கேட்டால் எஞ்சினையே சூப்பர் கோப்ரா ஜெட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். பின் ஆக்சிலை வைத்து எஞ்சினின் விதியைத் தீர்மானித்த இந்த முறை எனக்கு இன்றும் பிடிக்கும்.

எனக்குப் பிடித்த கியர் மாற்றும் கை ஒரு மோபார் (கிறைஸ்லர்) கை என்பதில் ஃபோர்டு நண்பர்களுக்கு வருத்தம். வட கரோலினாவின் பர்லிங்டனிலிருந்து வந்த ரானி சாக்ஸ், நாலு கியருக்கென்றே பட்டப்பெயர் வாங்கியவர். 1970இன் தொடக்கத்தில் பொமோனாவில் ப்ரோ ஸ்டாக் முதன்முதலாக ஓடியபோது இறுதிச் சுற்றில் பில் ஜென்கின்ஸின் கமரோவிடம் தோற்றார், அது வேறு கதை. அவர் ஓடும் பழைய படங்களில் நான் கையைப் பார்ப்பதில்லை. பின் டயரைப் பார்ப்பேன். பக்கச்சுவர் சுருங்கி, மடிப்பு விழுந்து, பிறகு விரிந்து காரை முன்னால் தள்ளும். அந்த மடிப்புதான் ஆக்சிலுக்கு மெத்தை. அடி அதில் பாதி அமுங்கித்தான் உள்ளே போகும்.

இன்றைக்கு மெத்தை இல்லை. விறைத்த டிராக் ரேடியல், கால் வைத்தால் செருப்பு கழன்றுவிடும் அளவுக்குப் பசை பூசிய தடம். டயர் சுற்ற இடமில்லாததால் 40 ஸ்ப்லைன், பில்லட் கேஸ், வெல்டு அடித்த ஹவுசிங், அதன் முதுகில் முட்டுக்கம்பி எல்லாம் ஒரே ஆர்டரில் வந்து இறங்குகின்றன. தடத்தில் ஓடும் 1969 கமரோவுக்குக் கீழே குனிந்தால் ஒன்பது அங்குலம் தெரிகிறது. அதில் ஃபோர்டு வார்த்த இரும்பு ஒரு துண்டு கூட இல்லை. தரம் மோசம் என்று சொல்ல வரவில்லை, ஸ்ட்ரேஞ்ச், மோசர் கம்பெனிகள் செய்வது அருமையான சாமான். வாரக்கடைசியில் ஐஸ்கிரீம் கடைவரை போய்வரும் 350 கன அங்குலக் காருக்கு அதை மாட்டிவிட்டு, எட்டே முக்காலையும் பன்னிரண்டு போல்ட்டையும் காயலான் கடைக்கு அனுப்புகிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

மிச்சிகன் ஸ்டான்டனில் நடக்கும் ப்யூர் ஸ்டாக் பந்தயம் இதற்கு மாற்று. தொழிற்சாலை அளவு டயர், அதே வகை ஆக்சில். அங்கே யாரும் கிளட்சை விட்டெறிவதில்லை. கோட்டிலிருந்து முதல் அறுபது அடியை வலது காலால் தடவிக் கொடுத்துக் கொண்டுபோகிறார்கள். நண்பர்கள் சிலருக்கு அது மந்தமாகத் தெரிகிறது. எனக்கு அந்த அறுபது அடிக்காகவே போகத் தோன்றும்.

ரேஷியோ மாற்றுகிற வேலை வந்தால்தான் டானாக்காரர்களின் சிரிப்பு அடங்கும். கார் அடியில் மல்லாந்து படுத்து, கேஸை ஸ்ப்ரெடரால் விரித்து, ஷிம் ஷிம்மாக மாற்றிப் பார்த்து, அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்தாலும் எழுந்திருக்க முடியாது. ஒன்பது அங்குலத்தில் மேசைமேல் வைத்துச் செட் செய்த இன்னொரு தேர்டு மெம்பர் (கிரவுன் வீலும் பினியனும் அடங்கிய கேஸ்) டிரெய்லரில் காத்திருக்கும். ஆக்சிலை உருவு, பத்து நட்டைக் கழற்று, மாற்று. கீழே இரண்டு நட்டுக்கு மட்டும் சாக்கெட் நேராக உட்காராது. கேஸ் இடிக்கும், ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்துக் கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் கழற்ற வேண்டும், முழங்கையில் தோல் போகும். அதைப்பற்றி டானாக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.