கதையைச் சொல்வதும் கதையை ஆராய்வதும்: மேல்நிலை ஆங்கிலத் தேர்வில் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் 2019–20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில், கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ சிறுகதை ஆங்கில மொழிபெயர்ப்பாக இடம்பெற்றுள்ளது. தமிழில் பிறந்த கதையைத் தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் அதைப் பற்றி எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகிறார். அவ்விடைகள் பெரும்பாலும் கதைச்சுருக்கமாகவே அமைவதற்கு மாணவரின் ஆங்கிலக் குறைவே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. வினாவின் அமைப்பே முதற்காரணம் என்பதையும், ஆய்வுநோக்கில் எழுதுவதற்குரிய கருவிகள் தமிழ் உரைமரபிலேயே உள்ளன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆங்கிலத் தேர்வு, நாற்காலி, கொட்டாரம், உரைமரபு, நன்னூல், இலக்கிய நயம் பாராட்டல், திறனாய்வு.

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டம் அகத்தீசுவரம் வட்டத்தில், நாகர்கோவிலையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் சாலையில் அமைந்த ஊர் கொட்டாரம். தமிழில் களஞ்சியத்தைக் குறிக்கும் இச்சொல் மலையாளத்தில் அரண்மனையைக் குறிக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டில் இத்தகைய இருமொழிச் சூழல் இயல்பானது. மூன்றாவதாக வந்த ஆங்கிலமும் இப்பகுதிக்குப் புதியதன்று. அண்மையிலுள்ள மயிலாடியில் ரிங்கல்தௌபே 1809இல் தொடங்கிய பள்ளியே பின்னர் நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அருகிலுள்ள தேரூரில் 1876இல் பிறந்து ஆசிரியப் பணி புரிந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவி ‘ஆசிய ஜோதி’யைத் தமிழில் தந்தார். ஓர் ஆங்கில நூலை நுணுகிப் படித்துத் தமிழில் அதற்கு ஈடு காணும் பழக்கம் இம்மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அவரே சான்று.

அத்தகைய ஊரிலிருந்து இன்று பொதுத்தேர்வு எழுதும் மாணவரிடம் ஆங்கில வினாத்தாள் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பாடநூலும் வினாத்தாள் அமைப்புமே ஆய்வுப் பொருள்கள். கொட்டாரம் இங்கு ஒரு வாசிப்பு நிலையாகக் கொள்ளப்படுகிறது.

வினாத்தாள் கேட்பது

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு 90 மதிப்பெண்களுக்கு நடைபெறுகிறது. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 20, இரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, மூன்று மதிப்பெண் வினாக்களுக்கு 21, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 35 என அவை பகுக்கப்பட்டுள்ளன. இலக்கியப் பாடத்தைப் பற்றித் தொடர்ச்சியாக எழுத வேண்டிய இடங்கள் ஐந்து மதிப்பெண் பகுதியில் வருகின்றன. உரைநடை, கவிதை, துணைப்பாடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 150 சொற்களில் விடை எழுத வேண்டும்.

இவற்றுள் துணைப்பாட வினாவின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கதையின் நிகழ்ச்சிகள் குறிப்புகளாகத் தரப்பட்டு, அவற்றை விரித்து எழுதுமாறு மாணவர் பணிக்கப்படுகிறார். நிகழ்ச்சியும் வரிசையும் வினாவிலேயே உள்ளன. மாணவர் செய்ய வேண்டியது விடுபட்ட வினைச்சொற்களையும் இணைப்புச் சொற்களையும் இட்டு நிரப்புவதே. மொழிப்பயிற்சி என்ற அளவில் இதற்குப் பயன் உண்டு. ஆயினும் இலக்கியத்தைப் பற்றி எழுதுதல் என்பது நடந்ததை வரிசையாகச் சொல்லுதல் என்ற எண்ணத்தை இவ்வமைப்பு மாணவர் மனத்தில் நிலைநிறுத்துகிறது. உரைநடை, கவிதை வினாக்களுக்கும் அவர் அவ்வாறே விடையளிக்கிறார். ஆசிரியர் பெயர், கதை நிகழ்ச்சிகள், ஈற்றில் ஒரு நீதி என்னும் சட்டகத்தில் வழிகாட்டி நூல்கள் விடைகளை அமைத்துத் தருகின்றன. மாணவர் அதனை மனப்பாடம் செய்கிறார்.

இங்கு ஒரு முரண் உள்ளது. கதையை 150 சொற்களில் மீண்டும் சொல்வது எளிய செயல் என்று கருதப்படுகிறது. இறந்தகால வினைவடிவங்கள், பெயர்கள், நிகழ்ச்சி வரிசை ஆகிய அனைத்தையும் பிழையின்றி நினைவில் வைத்திருப்பவரால் மட்டுமே அதனைச் செய்ய இயலும். ஆங்கிலம் குறைவாக அறிந்த மாணவருக்கு அதுவே கடினமான பணி. அதனாலேயே அவர் மனப்பாடத்தை நாடுகிறார். ஒரு கருத்தைச் சொல்லி, ‘ஏனெனில்’ என்று தொடங்கிக் காரணம் காட்டும் நான்கு எளிய தொடர்களை எழுதுவது அவருக்கு ஒப்பீட்டளவில் இயலக்கூடியதே.

கதை தருவது

கரிசல் மண்ணின் இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் இக்கதையில், வீட்டில் நாற்காலி இல்லாத குறை ஒரு விருந்தினர் வருகையால் வெளிப்படுகிறது. சப்-ஜட்ஜ் ஒருவர் வந்து முக்காலியில் அமர்ந்து விழுந்துவிடுகிறார். எந்த மரத்தில் செய்வது என்ற நீண்ட பேச்சுக்குப் பின் நாற்காலிகள் செய்யப்படுகின்றன. ஒன்று கதைசொல்லியின் வீட்டுக்கும் மற்றொன்று மாமன் வீட்டுக்கும் செல்கின்றன. ஊரே வந்து பார்த்து வியக்கிறது. பின்னர் ஓர் இரவில், இறந்தவர் ஒருவரை அமர்த்தி வைக்க நாற்காலி கேட்டு ஆள் வருகிறது. திரும்பி வந்த நாற்காலியில் அமர வீட்டார் அஞ்சுகின்றனர். சாவு நேரும்போதெல்லாம் அதனைக் கேட்டு ஆள் வருவது வழக்கமாகிறது. வருபவர்கள் மாமன் வீட்டுக்குத் திருப்பிவிடப்பட, அந்த நாற்காலியும் அதே வழிக்குச் செல்கிறது.

மேலுள்ள பத்தி, தேர்வில் முழு மதிப்பெண்ணை நெருங்கக்கூடிய விடையின் சாரம். கதை ஏன் நகைப்பூட்டுகிறது, அந்நகைப்பு யாரை நோக்கியது, நாற்காலியின் பயன் மாறுவது ஊரைப் பற்றி என்ன சொல்கிறது ஆகியவற்றுள் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை.

ஆய்வுநோக்கில் தொடங்கும் விடை வேறு வகையில் அமையும். ‘ஊர் நாற்காலியை ஏற்க மறுக்கவில்லை, தனக்கு வேண்டிய பயனைத் தானே அதற்கு அளித்தது’ என்பது ஒரு கருத்து. அதற்குக் கதையிலேயே சான்றுகள் உள்ளன. நாற்காலி தேவைப்பட்டது வெளியிலிருந்து வந்த ஓர் அதிகாரியின் முன் மதிப்பைக் காத்துக்கொள்வதற்காக. வீட்டாரின் அன்றாட வாழ்வு அது இல்லாமலே நடந்து வந்தது. எனவே நாற்காலி வந்த பின்னும் அதற்கு வீட்டில் நிலையான வேலை இல்லை. மாறாக, சாவு வீட்டுக்கு அது உண்மையாகவே பயன்பட்டது. உயிரோடிருப்பவரின் மதிப்புக்காகச் செய்யப்பட்ட பொருள் இறந்தவருக்கு மதிப்பளிக்கும் பொருளாகிறது. நகைப்பு, ஊராரின் அறியாமையால் அன்றி, மதிப்பைப் பொருளில் தேடிய வீட்டாரின் ஏமாற்றத்தால் பிறக்கிறது. இக்கருத்தை மறுப்பவரும் இருக்கலாம். மறுக்க இடம் தருவதே அதனைக் கதைச்சுருக்கத்திலிருந்து வேறுபடுத்துகிறது.

தமிழ் மாணவருக்கு மட்டும் எளிதில் புலப்படும் ஒரு சான்றும் உண்டு. முக்காலி, நாற்காலி என்னும் இரு சொற்களும் கால்களின் எண்ணிக்கையால் அமைந்தவை. மூன்றிலிருந்து நான்குக்கு ஏறுவதே குடும்பத்தின் முன்னேற்றம் என்பது தமிழ்ச் சொற்களிலேயே அடங்கியுள்ளது. ஆங்கிலத்தில் இவ்விருக்கைகளைக் குறிக்கும் சொற்களுக்கிடையே அத்தகைய உறவு இல்லை. கொட்டாரத்து மாணவர் இந்த இழப்பைச் சுட்டி ஒரு தொடர் எழுதினால், அது ஆங்கிலத்தில் மட்டும் அக்கதையைப் படிப்பவர் எளிதில் எட்டமுடியாத திறனாய்வாகும். இன்றைய வினா அதற்கு இடம் தருவதில்லை.

கவிதையிலும் இந்நிலையே காணப்படுகிறது. அதே பாடநூலில் தோரு தத்தின் (1856–1877) சவுக்கு மரம் பற்றிய கவிதை உள்ளது. மரத்தின் ஒலி அதில் இரங்கல் ஒலியாகவும், கடல் கரையில் மோதும் ஒலியாகவும் கேட்கிறது. இளமையிலேயே தமையனையும் தமக்கையையும் இழந்த கவிஞர் அம்மரத்தை அவர்களின் நினைவோடு பிணைக்கிறார். கடலுக்கு அருகில் வாழும் மாணவர் சவுக்குத் தோப்பில் காற்று எழுப்பும் ஓசையை அறிந்தவர். அவ்வோசை துயர ஒலியாக மாறுவது எவ்வாறு என்ற வினா அவரது அனுபவத்தைத் தொடும். வரியில் உள்ள அணி யாது என்ற வினா அதனைத் தொடாது.

தமிழ்த் தேர்வும் உரைமரபும்

அதே மாணவர் தமிழ்த் தேர்வில் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்னும் வினாவைச் சந்திக்கிறார். அங்குச் செய்யுள் வினாத்தாளிலேயே தரப்படுகிறது. நினைவாற்றலை நம்பாமல் கண்முன் உள்ள சொற்களை நோக்கி எழுதும் வாய்ப்பு அதில் உண்டு. 1929இல் வெளிவந்த ‘செயல்முறைத் திறனாய்வு’ என்னும் நூலுக்காக ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரின்றிக் கவிதைகளைக் கொடுத்து எழுதச் செய்த முறையும் இதற்கு நெருங்கியதே. ஆயினும் நடைமுறையில் மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, முரண், அணி, சுவை என்னும் தலைப்புகளின்கீழ் எடுத்துக்காட்டுகளைப் பொருத்துவதோடு விடை முடிந்துவிடுகிறது. மோனை எங்கு உள்ளது என்பது சொல்லப்படுகிறது. அது பொருளுக்கு என்ன செய்கிறது என்பது சொல்லப்படுவதில்லை.

ஆக, ஆங்கிலத் தேர்வு நிகழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. தமிழ்த் தேர்வு உறுப்புகளோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் பொருளோடு இணைக்கும் பயிற்சி இரு தாள்களிலும் விடுபடுகிறது.

அவ்விணைப்பைத் தமிழ் உரையாசிரியர்கள் முறையாகச் செய்துள்ளனர். நன்னூல் உரையின் உறுப்புகளாகப் பதினான்கைக் கூறுகிறது. பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள், தொகுத்துரை, உதாரணம், வினா, விடை, விசேடம், விரிவு, அதிகாரம், துணிவு, பயன், ஆசிரிய வசனம் என்பன அவை. இவற்றுள் தொகுத்துரை ஓர் உறுப்பு மட்டுமே. இன்றைய ஆங்கில விடை அவ்வோர் உறுப்பையே முழு உரையாகக் கொள்கிறது. வினாவை எழுப்பி விடை காணுதல், நூலில் வெளிப்படச் சொல்லாததை வருவித்து உரைக்கும் விசேடம், ஐயத்துக்கு இடமான பொருளில் ஒன்றைத் தெளிந்து நாட்டும் துணிவு ஆகியவையே ஆய்வுக்கட்டுரையின் உயிர். பிறர் கொண்ட பொருளை ‘என்பாரும் உளர்’ எனச் சுட்டித் தம் முடிவை நிறுவும் உரையாசிரியர் வழக்கம், எதிர்க்கருத்தை ஏற்று மறுக்கும் திறனாய்வு முறைக்கு நெருங்கியதே. இம்மரபை அறிந்த தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தும், இருவர் வகுப்புகளும் ஒன்றையொன்று அறியாமல் நடைபெறுகின்றன.

மறுப்பும் விடையும்

மாநிலம் முழுவதும் இலட்சக்கணக்கான விடைத்தாள்களைக் குறுகிய காலத்தில் திருத்த வேண்டியுள்ளதால், நிகழ்ச்சி அடிப்படையிலான விடைக்குறிப்பே நடுநிலை காக்கும் என்று வாதிடலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கருத்தை மதிப்பிடுவதில் திருத்துநரின் விருப்பு வெறுப்பு கலக்கக்கூடும். ஐந்து மதிப்பெண்களைக் கருத்துக்கு ஒன்று, கதையிலிருந்து காட்டும் இரு சான்றுகளுக்கு இரண்டு, சான்றைக் கருத்தோடு இணைப்பதற்கு ஒன்று, மொழிக்கு ஒன்று எனப் பகுத்தால் இக்குறை பெருமளவு நீங்கும். எக்கருத்தைக் கூறினார் என்பது மதிப்பிடப்படாமல், கூறிய கருத்துக்குச் சான்று உண்டா என்பதே மதிப்பிடப்படும்.

கிராமப்புற மாணவருக்கு இது சுமையாகும் என்பது மற்றொரு மறுப்பு. மனப்பாடத்துக்குத் தனிப்பயிற்சியும் வழிகாட்டி நூலும் துணைபுரிகின்றன. அவற்றை வாங்க இயலாத மாணவரே இன்றைய முறையில் பின்தங்குகிறார். கதையை ஒருமுறை கருத்தூன்றிப் படித்தவருக்கு இடம் தரும் வினா, அவருக்குச் சுமையைக் குறைக்கும்.

முடிவுரை

மேல்நிலை ஆங்கிலத் தேர்வில் இலக்கிய விடை கதைச்சுருக்கமாகத் தேய்வதற்கு வினாவின் அமைப்பே முதற்காரணம் என்பது மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகிறது. ‘நாற்காலி’ போன்ற கதை, ஆங்கில வகுப்பில் தமிழறிவு பயன்படும் அரிய வாய்ப்பைத் தந்துள்ளது. நாற்காலிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதை விடுத்து, அதற்கு நேர்ந்தது ஊரைப் பற்றி என்ன உணர்த்துகிறது என்று கேட்டால் போதும். வினாவில் ஏற்படும் இச்சிறு மாற்றம், பள்ளியிறுதியில் நிற்கும் மாணவரை நினைவிலிருந்து ஒப்பிப்பவர் என்ற நிலையிலிருந்து உரைகாண்பவர் என்ற நிலைக்கு உயர்த்தும். இதற்குப் பின் கல்லூரியில் இலக்கியம் பயிலாத பலருக்கு, ஓர் இலக்கியத்தைத் தாமே படித்துத் தம் கருத்தைச் சான்றுடன் எழுதுவதற்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இத்தேர்வே.