செங்கோட்டை வழக்கும் கீழத்தஞ்சைச் சிப்பாயும்: படைக் கீழ்ப்படிதல் குறித்த எழுத்துகள் மீது ஒரு மறுநோக்கு

இந்திய தேசிய இராணுவம் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் செங்கோட்டை வழக்கையே அளவுகோலாகக் கொள்கின்றன. 1945 நவம்பரில் தொடங்கிய அவ்வழக்கில் நிறுத்தப்பட்ட ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரிகள். மன்னர் பெயரால் உறுதிமொழி எடுத்தவர்கள். தற்காலிக அரசு போர் தொடுக்கும் உரிமை உடையது என்று புலாபாய் தேசாய் வாதிட்டார். எடுத்த உறுதிமொழியைப் படைவீரன் எப்போது மீறலாம் என்பதே அங்கு எழுந்த வினா.

இவ்வினாவைத் திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வட்டாரங்களிலிருந்து மலாயா சென்றோர் மீது அப்படியே பொருத்துவதில்தான் பிழை நேர்கிறது. மலாயாவில் அப்படையில் சேர்ந்த தமிழருள் மிகப்பலர் தோட்டத் தொழிலாளர் போன்ற குடிமக்கள். மீறுவதற்கு அவர்களிடம் முந்தைய உறுதிமொழி ஏதும் இல்லை. அவர்கள் எடுத்த முதல் உறுதிமொழியே தற்காலிக அரசுக்கானது. அவர்களைக் கட்டளை மீறிய சிப்பாய்கள் என்று போற்றினாலும் பழித்தாலும் வரலாறு திரிந்துவிடுகிறது.

அவர்கள் யாருக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்பது அடுத்த வினா. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட அரசில் சுபாஷ் சந்திர போஸே அரசுத் தலைவர், பிரதமர், போர் அமைச்சர். படையின் உச்சத் தளபதியும் அவரே. படையையும் அமைச்சையும் வெவ்வேறு அங்கங்களாக எண்ணிய குறளைப் பயின்ற ஆய்வாளர்க்கு இது சற்றேனும் உறுத்தியிருக்க வேண்டும். நிலமற்ற அரசுக்கு வேறு வழி இருந்ததா என்று வாதிடலாம். புகழ்மொழி மிகுந்த எழுத்துகளில் அந்த வாதத்திற்கே இடம் கிடைப்பதில்லை.

செங்கோட்டையில் வழக்கறிஞர் அங்கி அணிந்து நின்றவர் நேரு. அவரது அரசே பின்னர் அவ்வீரர்களைப் படையில் மீளச் சேர்க்க மறுத்தது. இதனை நன்றிக்கேடு என்று மட்டும் கூறுவது பாதி உண்மை. ஆள்வோர் மாறினாலும் ஆணைக்கு அடங்கும் படை வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. அண்டை நாடுகளின் படைப்புரட்சிகளை நோக்க, அக்கணக்கைப் புறந்தள்ள இயலாது. ஆனால் கீழத்தஞ்சைக்காரனுக்கு இவ்விவாதமே அந்நியம். திரும்பிச் செல்ல அவனுக்குப் படைப்பிரிவு இல்லை, பண்ணைதான் இருந்தது.

அங்கே சவுக்கடியும் சாணிப்பாலும் அடக்குமுறைக் கருவிகளாக இருந்தன. படையின் கீழ்ப்படிதலுக்கு உறுதிமொழி உண்டு, சட்டம் உண்டு, தரவரிசை உண்டு. பண்ணையில் நிலவியது கீழ்ப்படிதல் அன்று, அடங்கிப்போதல். தமிழில் இவ்விரு சொற்களும் தனித்தனியே இருந்தும், ஆய்வுரைகள் ஒன்றின் இடத்தில் மற்றதை எளிதாகப் பயன்படுத்துகின்றன. வாட்டாக்குடி இரணியனைப் பற்றிய நினைவேந்தல்கள், படையில் பெற்ற பயிற்சி பண்ணைக்கு எதிராகத் திரும்பியது என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. துப்பாக்கிப் பயிற்சியை விடவும், ஆணைக்கு ஒரு காரணம் கேட்கலாம், இடுபவனுக்கு ஒரு வரம்பு உண்டு என்ற அறிவே பண்ணையாரைக் கலக்கியிருக்கக்கூடும் என்ற கோணம் ஆராயப்படவில்லை.

தம்பிக்கோட்டையில் பிறந்த மலேயா கணபதி, அதே படையில் பணியாற்றியவர், தொழிற்சங்கத் தலைவர், 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் வைத்திருந்தார் என்பது குற்றம். இரணியன் 1950 மே 5 அன்று காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜாம்பவானோடை சிவராமனுக்கும் அதே மாதத்தில் அதே முடிவு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து அப்போது நான்கு மாதங்கள்கூட நிறைவுறவில்லை. அதன் 33ஆம் கூறு, ஆயுதப் படையினரோடு பொது ஒழுங்கு காக்கும் படையினரின் உரிமைகளையும் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்திற்கு இடம் தருகிறது. அவர்களிடம் ஒழுங்கு நிலவவேண்டும் என்பது நோக்கம். சுடும் ஆணையை இட்டவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அக்கூறு பேசவில்லை. கீழத்தஞ்சை வரலாற்று நூல்களும் அவ்வாணையின் வழியைத் தேடிச் செல்லவில்லை. செங்கோட்டை மூவர்க்கு வழக்கறிஞர் குழு இருந்தது; 1946 சனவரியில் தலைமைத் தளபதியே அவர்களது ஆயுள் தண்டனையை நீக்கினார். கணபதிக்கு ஒரு நீதிமன்றமாவது இருந்தது. இரணியன் மீது எவ்விசாரணையும் நடக்கவில்லை.