சுராங்கனிக்குள் மறைந்தவர்

தாப்பா பக்கத்துத் தோட்டக் கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் யாராவது ஒருத்தர் ‘சுராங்கனி’ போடச் சொல்வார். அது பாதி சிங்களம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்தில் இளையராஜா இசையில் இதைப் பாடியவர் நம்ம மலேசியா வாசுதேவன். அதனால் இங்கே பலருக்கு இது அவர் பாட்டு. ஆனால் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இலங்கையின் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ ஏ.ஈ. மனோகரன்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். வாசுதேவனுடையது நேர்த்தியான சினிமாப் பாட்டு. மனோகரனிடம் அந்த நேர்த்தி கிடையாது. விருந்தில் ஒருத்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பாடுகிற மாதிரி இருக்கும். போர்த்துக்கீசியர் காலத்து வேர்கொண்ட பைலாவுக்கு அதுதான் வேணும். தாளம் தள்ளிக்கொண்டே போக, குரல் மூச்சு வாங்காமல் கூடவே ஓடணும். வாசுதேவன் பாடுகிறார், மனோகரன் ஆடுகிறார் என்பேன்.

தமிழ் சினிமா அவரை வில்லனாக்கி அடிவாங்க விட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் இறந்தபோது நான் வாசித்த அஞ்சலிகளில் ‘பட்டு மாமியே’கூட இல்லை, சுராங்கனி மட்டும்தான். 1983க்குப் பிறகும் தமிழர்கள் ஒரு சிங்களப் பெயரை வாய்நிறையக் கூப்பிட்டு ஆடினார்கள் என்பதையும் யாரும் எழுதவில்லை.

போன மாதம் மாமாவிடம் கேட்டேன், அந்தப் பாட்டு யார் பாடினதுன்னு.

“வாசு தானேப்பா,” என்றார்.