கூட்டைச் சுத்தம் செய்யும் பாம்பு: சிறுவர் விலங்குக் கதை வரிசைகள் மூன்றை முன்வைத்து

சிறுவர் இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்கு ஓர் அசட்டை வந்துவிடுகிறது. 'பிள்ளைங்க படிக்கிறதுதானே, விடுங்க' என்கிறோம். ஒரு நாவலில் ஒரு பாத்திரம் சாதித் திமிரோடு நடமாடினால் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நமக்கு, பத்து வயசுப் பிள்ளை மாதக்கணக்கில் குடியிருக்கிற ஒரு கதையுலகம் எந்த விதிகளால் இயங்குகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அதிலும் பேசுவது எலியும் பூனையும் ஆந்தையும் என்றால் கேட்கவே வேண்டாம். விலங்குக்கு ஏது அரசியல்?

1971இல் சிலியில் ஏரியல் டார்ஃப்மனும் அர்மாண்ட் மத்தலாரும் டொனால்ட் டக் சித்திரக் கதைகளைப் பிரித்துப்போட்டு ஒரு நூல் எழுதினார்கள். 1973 இராணுவச் சதிக்குப் பிறகு அந்த நூல் எரிக்கப்பட்டது. வாத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தை இராணுவம் எரிக்கிறது. விலங்குக் கதைக்கு அரசியல் உண்டென்பது நம்மைவிட ஜெனரல்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

ஆனால் டொனால்ட், வாத்து வேடமிட்ட மனிதன்தான். அவன் வாத்தாக இருப்பதால் கதையில் எதுவும் தீர்மானமாவதில்லை. நான் இங்கே பேச எடுத்துக்கொள்வது வேறு வகை. எந்த விலங்காகப் பிறந்தாய் என்பதே கதையின் இலக்கணமாகிவிடுகிற தொடர் நாவல்கள் இவை. ப்ரையன் ஜேக்ஸ் எழுதிய 'ரெட்வால்' (1986 முதல் 2011 வரை 22 நாவல்கள்), எரின் ஹண்டர் என்ற பொதுப் புனைபெயரில் ஒரு குழு 2003 முதல் எழுதிவரும் 'வாரியர்ஸ்', காத்ரின் லாஸ்கியின் 'கார்டியன்ஸ் ஆஃப் கா'ஹூல்' (2003 முதல் 2008 வரை 15 நாவல்கள்). ஹண்டர் என்ற பெயரே, கடை அலமாரியின் அகரவரிசையில் ஜேக்ஸுக்குப் பக்கத்தில் புத்தகம் நிற்கவேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சந்தை இவற்றை ஏற்கனவே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டது. விமர்சனம்தான் பாக்கி.

ஒரு சொல்லைப் பற்றி முதலில். தமிழில் 'இனம்' என்றால் விலங்கினமும்தான், மனித இனமும்தான். 'சாதி'யும் அப்படியே, 'சாதி நாய்' என்கிறோம், 'மாட்டுச் சாதி' என்கிறோம். இந்த மயக்கம் மொழியின் குறைபாடு அல்ல. பிறப்பை வைத்து ஆளைப் பிரிக்கிற சமூகம், அந்தப் பிரிவினை இயற்கையிலேயே இருக்கிறது என்று காட்ட விலங்கைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும். வரலாற்றை இயற்கையாக உருமாற்றுவதுதான் தொன்மத்தின் வேலை என்றார் ரோலண்ட் பார்த். விலங்குக் கதையில் அந்த வேலை ரொம்பச் சுலபம். நாய் நாய்தான், நரி நரிதான் என்பதை யார் மறுக்க முடியும்?

1

ரெட்வால் ஒரு மடாலயம். சுண்டெலிகள், அணில்கள், முள்ளெலிகள், நீர்நாய்கள், மண்ணைத் தோண்டும் மோல்கள், பேட்ஜர்கள் எல்லாம் அங்கே கூடி வாழ்கின்றன. எதிர்ப்பக்கத்தில் பெரிய எலிகள், நரிகள், கீரிச் சாயலுள்ள ஸ்டோட், வீசல், ஃபெரட் வகையறாக்கள். இந்த இரண்டாம் பட்டியலுக்கு நாவல்கள் தரும் பொதுப்பெயர் 'வெர்மின்': ஒழிக்கப்படவேண்டிய பீடை. சில விதிவிலக்குகள் உண்டு. 'பெல்மேக்கர்' நாவலின் கடல் எலி ப்ளாகட் கடைசியில் நல்லவனாகிறான். விதியைக் கண்ணில் படும்படி ஆக்குவதுதான் இந்த விதிவிலக்குகளின் பயன்.

இரண்டு நாவல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்' (1995) நாவலில் ஒரு ஃபெரட் குட்டி மடாலயத்தில் வளர்கிறது. பிரையனி என்ற சுண்டெலிப் பெண் அதைத் தாய்போல வளர்க்கிறாள். அதற்கு வைக்கிற பெயர் வெய்ல். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டால் 'தீமை' என்ற சொல் வரும். இந்த விளையாட்டை நாவலே வெளிப்படையாக ஆடுகிறது. தொட்டிலிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வளர்கிற குட்டி திருடுகிறது, விஷம் வைக்கிறது, விரட்டப்படுகிறது. கடைசியில் பிரையனிக்குக் குறிவைத்து வந்த ஆயுதத்தைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறது. அதற்குப் பிறகும் வெய்ல் கெட்டவன்தான் என்ற முடிவுக்குத்தான் வளர்த்தவளே வந்து சேர்கிறாள்.

'டாகெரங்' (2001) இதன் தலைகீழ். நீர்நாய்க் குட்டி ஒன்றைக் கொள்ளைக் கூட்டம் தூக்கிப்போய்க் கொலைகாரனாக வளர்க்கிறது. ஆனால் அதற்குக் கொடூரம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஒரு நரியைத் தோலுரிக்கச் சொல்லும்போது மறுத்து ஓடிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வாய்பாடு கையில் கிடைக்கிறது: நல்ல இடத்தில் வளர்ந்தாலும் ஃபெரட் ஃபெரட்தான், கெட்ட இடத்தில் வளர்ந்தாலும் நீர்நாய் நீர்நாய்தான். 'பிறவிக் குணம் பொங்கல் வைத்தாலும் போகாது' என்று நம் ஊரில் சொல்வதும் இதையேதான். பஞ்சதந்திரத்தில் சாயத் தொட்டியில் விழுந்து நீலமாகி ராஜாவான நரி, மற்ற நரிகள் ஊளையிட்டதும் தானும் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறதே, அதுவும் இந்தப் பாடம்தான்.

இந்த 'வெர்மின்' பட்டியல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1566இல் ஒரு சட்டம் போட்டார்கள். பீடை விலங்குகளின் தலையைக் கொண்டுவந்தால் தேவாலயப் பொறுப்பாளர்கள் காசு தரவேண்டும். நரித் தலைக்கு 12 பென்ஸ். பேட்ஜர் தலைக்கும் அதே 12 பென்ஸ்! நீர்நாய்க்கும் முள்ளெலிக்கும் 2 பென்ஸ். சுண்டெலி 12 கொண்டுவந்தால் ஒரு பென்னி. மோலும் பட்டியலில் உண்டு. ஆக, ரெட்வாலின் புனிதக் கூட்டத்தில் பெரும்பான்மை அந்தச் சட்டத்தின்படி பீடைகள். யார் பீடை என்பதை இயற்கை எழுதவில்லை. தானியத்துக்கும் கோழிக்கும் கணக்கு வைத்திருந்தவர்கள் எழுதினார்கள். பிறகு முள்ளெலியைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், ஃபெரட்டின் உறவுக்காரர்களை வைத்துக்கொண்டார்கள். கதை இந்த வரலாற்றை அழித்துவிட்டு, 'அது பிறப்பிலேயே அப்படி' என்கிறது.

அதே தேசத்தின் ஆட்சிதான் 1871இல் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆகியது. தொட்டிலில் இருக்கும் குழந்தையைக் குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றலாம் என்ற சிந்தனை அதில் இருந்தது. ஜேக்ஸ் இந்தச் சட்டத்தை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் லிவர்பூல் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை; பால் வண்டி ஓட்டியவர்; பார்வையற்ற குழந்தைகள் பள்ளியில் வாசித்துக் காட்டுவதற்காக முதல் நாவலை எழுதியவர். அந்தப் பக்கங்களில் உணவின் வாசனையும் பேச்சின் ஓசையும் நிரம்பி வழிவது அதனால்தான். நல்ல மனிதர் எழுதிய நல்ல பக்கங்களுக்குள்ளும் அந்தச் சிந்தனை உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் நம் பிரச்சினை.

2

'வாரியர்ஸ்' இந்தச் சிக்கலை வேறு இடத்துக்கு நகர்த்துகிறது. இங்கே எல்லாருமே பூனைகள். ஆகவே இனத்தைக் காட்டி ஒழுக்கம் பிரிக்க முடியாது. நான்கு குலங்கள், எல்லைகள், போர்வீரர் நெறி. வீட்டுப் பூனையாக இருந்த ரஸ்டி காட்டுக்குள் வந்து ஒரு குலத்தில் சேர்ந்து, அவமதிப்புகளைத் தாண்டி, ஃபயர்ஸ்டார் என்ற தலைவனாகிறது. 'கிட்டிபெட்' என்ற வசைச்சொல் கடைசிவரை அதன் முதுகில் ஒட்டியிருக்கிறது. தலைமைக்கு வந்த பிறகும் பிறப்பைச் சொல்லிக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இது நமக்குத் தெரியாத அனுபவமா என்ன?

முதல் தொகுதியின் கடைசி நாவலில் (2004) டைகர்ஸ்டார், இரு குலத்துக்குப் பிறந்த கலப்புப் பூனைகளைக் கொல்லச் சொல்கிறது. இரத்தத் தூய்மை என்ற கருத்து இங்கே கதைக்குள் வந்து விவாதிக்கப்படுகிறது, தோற்கடிக்கப்படுகிறது. ரெட்வாலில் கதையின் அடித்தளமாக இருந்தது, இங்கே வில்லனின் வாயில் கோஷமாகிறது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்நியன் ஏற்கப்படுவது எப்படி? குலத்தைக் காப்பாற்றப்போவது நெருப்பு என்று முன்கூட்டியே தீர்க்கதரிசனம் வந்துவிடுகிறது. மற்றவர்களைவிட அதிகமாகக் குலத்துக்காக ரத்தம் சிந்தினால்தான் அவனுக்கு இடம். தீர்க்கதரிசனம் இல்லாத, சண்டை தெரியாத ஒரு வீட்டுப் பூனை வந்து கதவைத் தட்டியிருந்தால்? கதை அந்தக் கேள்வியை ஓரமாகத் தள்ளிவிடுகிறது.

3

மூன்றாவது வரிசைதான் அரசியல் பிரக்ஞையில் மேலானது. லாஸ்கியின் முதல் நாவலில் ஆந்தைக் குஞ்சுகள் கடத்தப்பட்டு அநாதைகளுக்கான ஒரு 'கல்விக்கூட'த்தில் அடைக்கப்படுகின்றன. பெயருக்குப் பதில் எண். கேள்வி கேட்பது குற்றம். முழுநிலவின் கீழ் தூங்கவைத்து சுயபுத்தியை மழுங்கடிக்கிறார்கள். ஃபூக்கோவைப் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த அத்தியாயங்களைப் படித்தால் போதும், ஒழுங்குபடுத்தும் அதிகாரம் எப்படி உடம்பில் இறங்குகிறது என்பது புரிந்துவிடும். பிறகு வருகிறது தூய்மைவாதிகள் கூட்டம்: கூகைகளே உயர்ந்த ஆந்தை இனம் என்ற சித்தாந்தம். நாஜிகளை நினைக்காமல் படிக்க முடியாது. எதிர்த்து நிற்கும் நால்வரும் நான்கு வெவ்வேறு வகை ஆந்தைகள்.

எல்லாம் சரி. கூட்டைச் சுத்தம் செய்வது யார்?

பாம்புகள். கண் தெரியாத பாம்புகள். ஆந்தைக் குடும்பங்களில் புழு பூச்சிகளைப் பொறுக்கித் தின்று கூட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் 'கூட்டுப் பணிப்பெண்'கள். நாயகன் சோரன் வீட்டுப் பணிப்பெண் மிஸஸ் ப்ளிதிவர் அன்பானவள், விவேகி, தன் நிலைக்கேற்ற பெருமிதமும் உள்ளவள். கா'ஹூல் மரத்துக்கு வந்த பிறகு அவளுக்கு யாழ் வாசிக்கும் குழுவில் இடமும் மரியாதையும் கிடைக்கிறது. ஆனால் பாம்பு பணி செய்யப் பிறந்தது என்பதை, தூய்மைவாதத்தை எதிர்த்துப் போரிடும் எந்த ஆந்தையும் கேள்வி கேட்பதில்லை.

இதற்கு ஓர் இயற்கை ஆதாரம் உண்டு. டெக்சாஸில் செய்யப்பட்டு 1987இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஸ்க்ரீச் ஆந்தைகள் குஞ்சுகளுக்கு இரையாகக் குருட்டுப் பாம்புகளை உயிரோடு தூக்கிவருகின்றன. சில பாம்புகள் தப்பி, கூட்டின் குப்பைக்குள் புகுந்து, அங்கிருக்கும் புழுக்களைத் தின்று பிழைக்கின்றன. அப்படிப்பட்ட கூடுகளில் குஞ்சுகள் நன்றாக வளர்கின்றன. கவனியுங்கள்: இயற்கையில் அது இரையாகக் கடத்திவரப்பட்டுச் சாவிலிருந்து நழுவிய உயிர். நாவலில் அது குலத்தொழில். கடத்தல் மறைந்து விசுவாசம் வந்துவிடுகிறது.

4

ஆக, எந்த வரிசை முற்போக்கானது என்று மதிப்பெண் போட்டால் தடுமாறித்தான் போவோம். வில்லன் யார் என்று பார்த்தால் லாஸ்கி முதலிடம், ஜேக்ஸ் கடைசி. வேலை செய்வது யார் என்று பார்த்தால் வரிசையே குழம்புகிறது. ரெட்வாலில் சமையல் எல்லோருக்கும் பொது. சமைப்பவருக்குப் பேரும் புகழும் உண்டு. மேசையில் எல்லாரும் சேர்ந்து உட்காருகிறார்கள். கொச்சை மொழி பேசும் மோலும் அங்கே அவமானப்படுவதில்லை. வாரியர்ஸில் முதிய பூனைகளின் படுக்கையை மாற்றுவதும், எலிப் பித்தநீரைத் தடவி உண்ணி எடுப்பதும் பயிற்சிப் பூனைகளின் வேலை. நாறும் வேலைதான். ஆனால் அது வயதுக்கு உரியது, பிறப்புக்கு உரியதல்ல. நாளைய தலைவனும் இன்றைக்கு உண்ணி எடுத்தாகவேண்டும். பாசிசத்தை மிகத் தெளிவாக எதிர்த்த பிரதியில்தான் அழுக்கு எடுக்கும் வேலை பிறப்போடு கட்டப்பட்டிருக்கிறது.

இதை நம் வட்டாரத்து ஆட்கள் யோசிக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். எதிரியை அடையாளம் காட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள். மேடையில் முழங்கி முடித்த பிறகு தேநீர் டம்ளரைக் கழுவுவது யார் என்பதைக் கவனிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்ல. லாஸ்கியின் ஆந்தைகள் நமக்குத் தூரத்துச் சொந்தம்.

இந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. எரிக்கிற வேலையை ஜெனரல்களுக்கு விட்டுவிடலாம். சாவையும் பசியையும் துரோகத்தையும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் பேசுகிற கதைகள் இவை. அந்த மரியாதை எளிதில் கிடைக்காது. தவிர, பிள்ளைகள் நாம் நினைப்பதுபோல் மண்டையை ஆட்டிவிட்டுப் போகிறவர்களும் அல்ல. வெய்லுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று இளம் வாசகர்கள் ஆண்டுக்கணக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு எழுதியவர்மீது அவர்கள் செய்யும் மேல்முறையீடு அது. தமிழில் சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் அந்த மனுவை எடுத்துப் படிக்கலாம். அடுத்த முறை நரியைத் தந்திரக்காரனாகவும் காக்கையைத் திருடியாகவும் எழுதப் போகும்போது, அந்தப் பட்டியலை யார் போட்டது, தலைக்கு எவ்வளவு காசு வைத்தார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதலாம்.