நாற்பதுக்குப் பின் ஒரு முதல் நாவல்

தமிழில் நாவல் பிறந்தது இளைஞர் ஒருவரின் கையில் அன்று. 1826-இல் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அச்சில் வெளியிட்ட ஆண்டு 1879. அப்பொழுது அவர் ஐம்பதைக் கடந்தவர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர் மாயூரத்தில் முன்சீப்பாக அமர்ந்தவர். ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. 1660-ஐ ஒட்டிப் பிறந்த டானியல் டீஃபோ 'ராபின்சன் குரூசோ'வை வெளியிட்டது 1719-இல்தான். ஆகவே, நாவல் எழுதும் வயது போய்விட்டது என்று நம்மவர் கூறுவது இலக்கிய வரலாறு அறியாத கூற்றேயாகும்.

எனினும் அக்கூற்றில் ஓர் உண்மையும் உண்டு. நம் சங்கக் குடும்பங்களில் கவிதை எழுதுவோர் உளர்; கட்டுரை வரைவோர் உளர். நாவல் என்றதும், "ஓய்வு பெற்ற பின் பார்க்கலாம்" என்று ஒதுங்குவோரே மிகுதி. பிந்தித் தொடங்குவோரை எதிர்நோக்கும் இடர்கள் எவை? முன்னோர் அவற்றை எவ்வாறு கடந்தனர்? அவர்தம் நூல்களைக் கொண்டே இவற்றை ஆராய்வோம்.

முதல் இடர், நிறைவினால் வருவது. இருபது வயதினனுக்குச் சொல்லப் பொருள் போதாது. ஐம்பது வயதினனுக்கோ பொருள் மிகுதி. வேதநாயகம் பிள்ளை தம் முன்னுரையிலேயே இரு நோக்கங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று, தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைத் தீர்ப்பது. மற்றொன்று, தம் நீதி நூல்களில் சொன்ன அறங்களைக் கதைவழி விளக்குவது. விளைவு யாது? கதைக்குள் கதை, அதனுள் உபதேசம், உபதேசத்துக்கு ஒரு சான்றுக் கதை எனப் பெருகி, ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசாளும் சுவையான பகுதியிற்கூட அறவுரை வந்து வழி மறிக்கிறது. வாழ்நாளில் சேர்த்ததையெல்லாம் ஒரே பெட்டியில் அடைத்துப் பயணம் புறப்பட்டவரின் நூல் அது.

ஆயின் அந்நூலின் உயிர் எங்கே துடிக்கிறது என்றும் காண வேண்டும். தமிழர் வழக்கைத் தமிழறிந்த நீதிபதியின் முன், கட்சிக்காரனுக்கே விளங்காத ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை அவர் எள்ளி நகையாடும் இடம் அத்தகையது. இளைஞர் எவரும் அதனை அவ்வாறு எழுதியிருக்க இயலாது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்த செவிகளே அதை எழுதின. கற்றதைச் சொல்லுமிடத்து நூல் தளர்கிறது. கண்டதைச் சொல்லுமிடத்து நிமிர்கிறது. பிந்தித் தொடங்குவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

உபதேசம் முதுமையின் குற்றம் மட்டுமே என்று கொள்ளவும் வேண்டா. 1872-இல் பிறந்த ராஜம் ஐயர், இருபதை ஒட்டிய வயதில், 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'மும் தன் பிற்பகுதியில் வேதாந்தத்தை நோக்கித் திரும்புகிறது. குற்றம் வயதினுடையது அன்று, கதையை நம்பாமையினுடையது.

இரண்டாம் இடர் நடை பற்றியது. நம்மிற் பலர் கோப்புகளில் குறிப்பெழுதியே தலை நரைத்தவர்கள். "மேற்படி நபர் வீடு திரும்பியதாக அறியப்படுகிறது" என்று எழுதிப் பழகிய கை, "மாமா வந்துட்டார்" என்று எழுதக் கூசுகிறது. அலுவலக நடையில் செய்பவன் மறைந்துவிடுவான். நாவலிலோ செய்பவனே எல்லாம். இக்கூச்சத்தை உடைத்தவருள் தலையாயவர் கி. ராஜநாராயணன் அவர்கள். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காத கரிசல் நிலத்து விவசாயி. 1958-இல் சிறுகதையாளராக அறியப்பட்ட அவர், தம் முதல் நாவலாகிய 'கோபல்ல கிராம'த்தை வெளியிட்டது ஐம்பதைக் கடந்த பின், 1976-இல். வீட்டுப் பாட்டி கதை சொல்லும் குரலையே அவர் நாவலின் நடையாக்கினார். தனித் தலைவன் இல்லை. ஓர் ஊரே தலைவன். கட்டுக்கோப்புத் தளர்ந்தது என்று குறை கூறுவோர் உளர். கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஊறிய கதைக்கு அத்தளர்ச்சியே இயல்பான வடிவம் என்பது நம் கருத்து.

இந்நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆந்திர நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்து தெற்கே கரிசலில் குடியேறிய தெலுங்குக் குடும்பங்களின் கதை அது. இல்லத்தில் தெலுங்கு பேசியவர் தமிழில் எழுதி, பெயர்ந்து வந்த குடியின் நினைவைத் தமிழுக்கே உடைமையாக்கினார். இல்லத்தில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழும் நாம், அந்நூலில் காண்பது நம் முகத்தையே. கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரிகிறது, அவ்வளவே.

"பள்ளியில் தமிழ் படியாதவர் தமிழில் எழுதுவது எங்ஙனம்?" என்பது மூன்றாம் இடர். சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ பயின்ற நம் மக்களிடம் இவ்வினாவை அடிக்கடி கேட்கிறோம். 1944-இல் தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், மலையாள வழியில் கல்வி கற்றவர். தமிழ் அவருக்கு வீட்டிலும் கடற்கரையிலும் வாய்த்த மொழி. அவருடைய முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாயிற்று. ஏறத்தாழ 44 வயது. இலக்கணத் தூய்மையை அந்நூலில் தேடுவோர் ஏமாறுவர். வடக்கு வீட்டு முதலாளியின் செருக்கும் சரிவும், அவ்வூர்ப் பேச்சிலேயே, அவ்வூர் உப்புக்காற்றோடு வருகின்றன. பள்ளித் தமிழ் இல்லாமை அங்கே குறையாகவில்லை; செவித் தமிழின் வலிமையாயிற்று.

அந்நூலே நான்காம் இடருக்கும் விடை தருகிறது. அஃது அச்சம். "எழுதினால் உறவினர் என்ன நினைப்பர்?" என்னும் கவலை வயதோடு வளர்வது. மணவுறவுகளும் சம்பந்திகளும் பெருகிய பின் உண்மை பேசுதல் அரிது. மீரான் தம் சமுதாயத்தின் ஆதிக்கத்தையும் மூடநம்பிக்கையையும் மறைக்காது எழுதினார். ஆயினும் அதில் பகை இல்லை. உள்ளிருந்து எழுதுபவனின் வருத்தமே இருக்கிறது. அவ்வருத்தம் ஒருவனிடம் கனிவதற்குக் காலம் வேண்டும். பிந்தி எழுதுவதன் பெரும்பேறு அதுவே.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி, 1960-இல் திருத்தணி தமிழகம் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லை வரைந்தோர் ஊர்களை எண்ணினர். ஒரே வீட்டில் இரு மொழி பேசிய அடுப்பங்கரைகளை எண்ணினாரில்லை. தமக்கை ஒரு மாநிலத்திலும் தம்பி மறு மாநிலத்திலுமாக ஆன குடும்பங்கள், காட்பாடி இரயிலில் இறங்கி வெல்லச் சந்தையில் கணக்கெழுத வந்தவர்கள், திருமலையை நம்பிப் பிழைக்க வந்து இங்கேயே வேர் விட்டவர்கள் ஆகியோரின் கதைகள் அரசாணைகளில் இரா. அவை முதியோர் நெஞ்சில் உள்ளன. 1960-ஐ நேரில் கண்ட தலைமுறை அருகி வருகிறது.

ஆதலின் நாற்பதையும் ஐம்பதையும் கடந்த நம் அன்பர்கள் காலம் போயிற்றென்று வருந்துதல் வேண்டா, காத்திருத்தலும் வேண்டா. உபதேசத்தைச் சுருக்கி, அலுவலக நடையைக் களைந்து, செவியில் உள்ள தமிழை அப்படியே தாளில் இறக்குக. நாளுக்கு ஒரு பக்கம் போதும். முதல் நாவல் முழுமையாய் அமையாது போகலாம். 'பிரதாப முதலியார் சரித்திர'மும் முழுமையானதன்று. ஆனால் அது எழுதப்பட்டது. அதனாலன்றோ அதன் குறைகளை இன்று நாம் பேச முடிகிறது!