தனி வழியும் வாடகை அறையும்

பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு விடுதிகளில் நீண்ட பதிவேடு ஒன்று மேசைமேல் விரிந்து கிடக்கும். எங்கிருந்து வருகிறீர், எங்குச் செல்கிறீர், வந்த நோக்கம் யாது, தங்குவோர் எத்தனை பேர் என அது வினவும். கடைசிக் கட்டத்தில் ‘ஒருவர்’ என எழுதியதும் மேலாளர் தலைநிமிர்ந்து நம்மை ஒருமுறை பார்ப்பார். தனியாளுக்கு அறை தரத் தயங்கும் விடுதிகள் இன்றும் உள. பெண்ணாயின் தயக்கம் இரட்டிப்பாகும். பயண நூல்கள் பெருமையோடு பேசும் தனிமை, அம்மேசையின்முன் ஐயத்துக்குரியதாகிவிடுகிறது.

மேலாளரின் அந்தப் பார்வையை மனத்திற் கொண்டு பங்கஜ் மிஸ்ராவின் ‘பட்டர் சிக்கன் இன் லூதியானா’ என்னும் ஆங்கில நூலை (1995) அண்மையில் மீண்டும் படித்தேன். 1969இல் பிறந்த அவர், இருபத்தைந்தை ஒட்டிய வயதில் தனியராக, பெரும்பாலும் பேருந்திலேயே சிறு நகரங்களைச் சுற்றி வந்து எழுதியது இது. 1991ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றங்களை அடுத்துப் பெருகிய புதுப்பணமும் அதன் ஆரவாரமும் இந்நூலில் அச்சாகப் பதிந்துள்ளன. பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை அப்படியே பிடித்துவிடும் கூரிய செவி ஆசிரியருக்கு வாய்த்திருக்கிறது. முதல் வாசிப்பில் நான் வாய்விட்டுச் சிரித்த பக்கங்கள் பல.

இம்முறை அச்சிரிப்பே என்னை உறுத்திற்று. ஆசிரியர் எல்லாரையும் பார்க்கிறார். அவரைப் பிறர் பார்க்கும் இடமோ அரிது. ஓரிரவு தங்கி மறுநாள் பேருந்தேறுபவருக்கு எவரிடமும் கடன்படும் தேவையில்லை. ஆதலால் பிறரது ரசனையைப் பற்றிய தீர்ப்பு விரைந்து வந்துவிடுகிறது. இரைச்சலிடும் தொலைக்காட்சிக்கு அப்பால் அந்த மனிதருக்கு என்ன ஏக்கம் இருந்தது என்று கேட்பதற்குள் அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

வி.எஸ். நைபாலின் ‘அன் ஏரியா ஆஃப் டார்க்னஸ்’ (1964) இதனினும் கடுமையான நூல். இந்தியர் பலரைப் புண்படுத்தியதும்கூட. ஆயினும் அதன் உயிர்ப்பான பகுதி ஒரு சிறு விடுதியிலேதான் அமைந்திருக்கிறது. 1962இல் ஸ்ரீநகரின் தால் ஏரி விடுதியொன்றில் அவர் மாதக்கணக்கில் தங்கினார். அங்குப் பணிபுரிந்த அசீஸ் எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் வந்தவரின் மனத்தைப் படிக்க வல்லவர். நைபால் அவர்மேல் சினக்கிறார், ஐயுறுகிறார், பின்னும் அவரையே சார்ந்திருக்கிறார். விடுதிக்காகக் கடிதங்கள் தட்டச்சு செய்தும் கொடுக்கிறார். பார்க்க வந்தவர் இங்கே பார்க்கப்படுகிறார். எழுத்தாளரின் அகந்தைக்கு இந்நூலில் கிடைத்த ஒரே மருந்து அசீஸ்தான் என்பேன்.

இந்நூலின் தனிமையில் ஒரு கரவும் உண்டு. அப்பயணத்தில் மனைவி பட்ரிஷியா உடனிருந்தார். தொடக்கத்தில், பம்பாய் அலுவலகமொன்றில் மயங்கிச் சாயும் பெயரற்ற ‘துணைவர்’ அவரே. அதன்பின் நூலிலிருந்து அவர் ஏறத்தாழ மறைந்துபோகிறார். பாட்ரிக் ஃபிரெஞ்ச் எழுதிய வாழ்க்கை வரலாறு 2008இல் வெளிவந்தபின் இதை அறியாதார்போல் நாம் அந்நூலைப் படிக்க இயலாது. பதிவேட்டில் ‘இருவர்’ என எழுதியவர் நூலில் ‘ஒருவர்’ என எழுதினார். தனித்த பயணி என்னும் இலக்கியப் பாத்திரத்துக்கு இன்னொருவரின் இருப்பைக் காவு கொடுக்க வேண்டியிருந்தது. மிஸ்ராவிடம் இக்குறை இல்லை. அவர் மெய்யாகவே தனியர். அவரது குறை, அத்தனிமையை எவரும் கலைக்கவிடாமையே.

நைபால் பிற்காலத்தில் எழுதிய ‘இந்தியா: எ மில்லியன் மியூட்டினீஸ் நவ்’ (1990) என்னும் நூலின் முடிவுப் பகுதியில் அதே விடுதிக்குத் திரும்பி வருகிறார். அசீஸின் மகன் இப்போது வளர்ந்த இளைஞன். பழைய வாடிக்கையாளர் இம்முறை குறைவாகப் பேசுகிறார்; அம்மகன் தன் எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்கிறார்.